டிஎஸ்ஹெச் 11 என்றால் கூடுதலா, குறைவா?

9 ஜனவரி 2024, இரவு (கேள்வி)

எங்க அம்மாவுக்கு வயசு 54. ரெண்டு மாசமா ஒரே அசதி, முகம் வீங்கின மாதிரி இருக்கு, மலச்சிக்கல் வேற. ரத்தம் எடுத்துப் பார்த்ததுல தைராய்டு 11.2 இருக்கு. 4.2-க்குள்ள இருக்கணும்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு. அப்போ தைராய்டு ஜாஸ்தியா சுரக்குதுன்னுதானே அர்த்தம்? டாக்டர் அதைக் குறைக்க மருந்து தராம, தைராய்டு ஹார்மோன் மாத்திரையே 50 எழுதிக் கொடுத்திருக்கார். ரொம்பி வழியிற தொட்டியில இன்னும் தண்ணி விடுற மாதிரி இருக்கே? அம்மா மாத்திரையைத் தொடவே மாட்டேங்கிறாங்க. முட்டைக்கோஸ நிறுத்தினாலே இறங்கிடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

9 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

தொட்டி காலி, தம்பி. வழியவில்லை. மாத்திரையை நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். விளக்கம் நாளைக்கு. டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன், இன்னும் சாப்பிடவில்லை.

10 ஜனவரி

காலையில் பார்த்தால் இங்கே நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தொட்டி காலி என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனது என் தப்பு.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக லேப் டெக்னீஷியன், விருதுநகர் பக்கம். பதினாலு வருஷமாக நானும் அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறேன். ஊசி குத்துகிற நாற்காலியிலும் குத்திக்கொள்கிற நாற்காலியிலும் உட்கார்ந்தவள், அவ்வளவுதான் என் தகுதி.

ரிப்போர்ட்டில் "தைராய்டு 11.2" என்று இருந்திருக்காது. டிஎஸ்ஹெச் 11.2 என்றுதான் இருந்திருக்கும். அது தைராய்டு சுரக்கும் பொருளே கிடையாது. மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்பக்கம், எலும்பில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதற்குள் பட்டாணி அளவில், அரை கிராம் எடையில் உட்கார்ந்திருக்கிற பிட்யூட்டரிதான் டிஎஸ்ஹெச்சைச் சுரக்கிறது. தைராய்டைப் பார்த்து "வேலை செய், வேலை செய்" என்று பிட்யூட்டரி அனுப்புகிற ஆள்தான் டிஎஸ்ஹெச்.

கட்டட வேலை நடக்கிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். சுவர் ஒழுங்காக எழும்பினால் மேஸ்திரி நிழலில் டீ குடித்துக்கொண்டிருப்பார். கொத்தனார் கை தளர்ந்தால் கத்த ஆரம்பிப்பார். எவ்வளவுக்கு எவ்வளவு வேலை நடக்கவில்லையோ அவ்வளவுக்கு அவ்வளவு சத்தம். நாங்கள் லேபில் அளப்பது மேஸ்திரியின் சத்தத்தை. 11.2 என்றால் மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துகிறார், கொத்தனாரால் முடியவில்லை என்று அர்த்தம். டாக்டர் கொடுத்த மாத்திரை, வெளியிலிருந்து கூலிக்குக் கூப்பிட்ட கொத்தனார். சுவர் எழும்பினால் மேஸ்திரி தானாக அடங்குவார், எண்ணும் இறங்கும்.

மேஸ்திரிக்கும் மேலே ஓர் இன்ஜினியர் உண்டு. அவர் பெயர் ஹைப்போதலாமஸ். மூளையிலிருந்து டிஆர்ஹெச் என்ற சிட்டை அனுப்பி மேஸ்திரியை முடுக்கிவிடுவார். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு ஓடினால் இன்ஜினியர், மேஸ்திரி இருவருமே வாயை மூடிக்கொள்வார்கள். இந்தப் பின்னூட்டம்தான் நாளமில்லாச் சுரப்பிகளில் பாதிக் கதை.

"அப்படியானால் கொத்தனாரின் வேலையையே நேராக அளந்துவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அளக்கலாம், தைராய்டு சுரக்கிற டி4 ஹார்மோனை அளக்க ஃப்ரீ டி4 என்று தனி டெஸ்ட் உண்டு. ஆனால் மேஸ்திரி ரொம்ப ரோஷக்காரர். டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் இரண்டு மடங்காக ஏறி நிற்காது, கிட்டத்தட்ட நூறு மடங்குக்குத் தாவும். அதனால் டி4 எண் இன்னும் "நார்மல்" ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே டிஎஸ்ஹெச் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். 11 என்ற எண்ணைப் பார்த்து மும்மடங்கு நோய் என்று பயப்படவும் வேண்டாம், இதே காரணத்தால்தான்.

10 ஜனவரி, இரவு

முட்டைக்கோஸைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. வேகவைத்து, வீட்டில் சாப்பிடுகிற அளவில் அது ஒன்றும் செய்யாது. உப்பில் அயோடினும் இல்லாமல், தினம் பச்சையாகக் கூடை கூடையாகத் தின்றால்தான் பேச்சு. பொரியல் செய்து கொடுங்கள்.

இன்னொன்று. கவுண்டரில் வந்து "எனக்கு தைராய்டு இருக்கான்னு பார்க்கணும்" என்பார்கள். "இருந்தா நல்லதுதானே" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, யாரும் சிரிப்பதும் இல்லை. எல்லோருக்கும் தைராய்டு இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயைக் கட்டிக்கொண்டு, பட்டாம்பூச்சி மாதிரி, 15 முதல் 20 கிராம். கண்ணாடி முன்னால் நின்று, கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு வாய் தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கும். கழுத்தில் கட்டி என்று வருகிறவர்களுக்கு டாக்டர் தண்ணீர் டம்ளரை நீட்டுவது இதற்குத்தான். ஏறி இறங்குகிற கட்டி பெரும்பாலும் தைராய்டிலிருந்து வந்தது.

12 ஜனவரி

அம்மா மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், "காபியோட போட்டுக்கிட்டாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயோ.

என் கதையைக் கேளுங்கள். 2010-ல் எனக்கு டிஎஸ்ஹெச் 46. 75 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் என்று பாட்டிலிலேயே இருக்கிறது, நானும் வெறும் வயிற்றில்தான் போட்டேன். மாத்திரையை நாக்கில் வைத்ததும் பின்னாலேயே ஃபில்டர் காபி. காபி சாப்பாடா என்ன? நாங்கள் அப்படி நினைப்பதில்லை. இரண்டு வருஷம் என் டிஎஸ்ஹெச் 9, 12, 10 என்று அங்கேயே நின்றது. டோஸ் 100 ஆச்சு, 125 ஆச்சு. அப்புறம் ஒரு டாக்டர், "மாத்திரைக்கும் காபிக்கும் எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். "அஞ்சு செகண்ட்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். லேபில் வேலை செய்கிறவள்!

காபி குடலில் அந்த மாத்திரையை உறிஞ்ச விடாமல் குறுக்கே நிற்கிறது. காபியை ஒரு மணி நேரம் தள்ளினேன். அதே 125, இப்போது முழுசாக உள்ளே போனது. ஆறு வாரத்தில் படபடப்பு, வியர்வை, ராத்திரி தூக்கம் போச்சு. டிஎஸ்ஹெச் 0.1. இப்போது 88-ல் நிற்கிறேன்.

இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டும் காபியைவிட மோசம். அவற்றுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அம்மா வயதில் கால்சியம் எழுதியிருப்பார்கள், பாருங்கள்.

"ரெண்டு நாளாச்சு, அசதி போகலை" என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மாத்திரையில் இருப்பதும் அதே டி4தான், அது ரத்தத்தில் பாதியாகக் கரைய ஏழு நாள் ஆகும். அதே கணக்கில் மெதுவாகத்தான் சேரும். ஒரே மட்டத்துக்கு வர ஐந்தாறு வாரம். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் எடுக்கச் சொல்வது. பத்தாம் நாள் வந்து "சும்மா ஒரு தடவை பாத்துடுங்க" என்று காசைக் கொடுப்பவர்கள் உண்டு. வாங்கிக் கல்லாவில் போடத்தான் உதவும்.

இந்த ஏழு நாளில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு நாள் மறந்துவிட்டால் உலகம் முழுகிவிடாது.

16 ஜனவரி

பொங்கல் முடிந்து இன்றுதான் பார்க்கிறேன். இழை கண்டமாலைக்கும் உப்புக்கும் போய்விட்டது.

கண்டமாலை வேறு. அது கழுத்தில் நெறி கட்டி மாலை போல வரிசையாக வீங்குவது, பெரும்பாலும் காசநோயால். தைராய்டு வீங்கினால் அது கழலை. பழைய பெயர்களைக் கலக்காதீர்கள், மருந்து மாறிப்போகும்.

"நாங்கள் தூத்துக்குடி கல் உப்புதான், கடலிலிருந்து வருவது, அயோடின் தானாகவே இருக்கும்" என்று ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடலில் அயோடின் இருக்கிறது, ஆனால் பாத்தியில் விளைகிற உப்பில் அது தங்குவதில்லை. மீனில் இருக்கும், கடற்பாசியில் இருக்கும், உப்பில் பேருக்குத்தான். இந்துப்பும் அப்படியே, நிறம் மட்டும் அழகு.

இதில் நம் நாட்டில் நடந்த ஒரு பெரிய வேலை இருக்கிறது. இமயமலை அடிவாரத்தில், காங்கிரா பள்ளத்தாக்கில், 1956-ல் வி. ராமலிங்கசாமியும் கூட்டாளிகளும் ஆரம்பித்தார்கள். மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினைக் கழுவிக்கொண்டு போன பூமி, கழுத்தில் கழலை இல்லாத வீடு அபூர்வம். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அயோடைடு கலந்த உப்பு, ஒரு பகுதிக்கு அயோடேட் கலந்த உப்பு, மூன்றாவதுக்குச் சாதா உப்பு. சில வருஷத்திலேயே கலந்த உப்பு போன இரண்டு பகுதியிலும் பிள்ளைகளின் கழுத்து வற்றியது. சாதா உப்புப் பகுதி அப்படியே நின்றது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்ததும் இதையொட்டித்தான். இன்று பாக்கெட்டில் நீங்கள் வாங்குவது அயோடேட் கலந்தது, நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அதுதான் தாங்கும்.

கணக்கு சுலபம். வீட்டுக்கு வந்து சேரும்போது உப்பில் குறைந்தது 15 பிபிஎம் இருக்க வேண்டும், அதாவது கிராமுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவை 150. கர்ப்பிணிக்கு 250.

அயோடின் இல்லாவிட்டால் ஏன் வீங்குகிறது? மேஸ்திரியிடம் திரும்புவோம். அயோடின்தான் செங்கல். செங்கல் வரவில்லை, சுவர் எழவில்லை. மேஸ்திரிக்குச் செங்கல் இல்லாத விஷயம் தெரியாது, கத்திக்கொண்டே இருப்பார். டிஎஸ்ஹெச்சுக்குக் கத்துவது தவிர இன்னொரு வேலையும் உண்டு, கொத்தனார்களைப் பெருக்குவது. ஆள் மேல் ஆள் சேர்ந்து, செங்கல் இல்லாமல் கூட்டம் மட்டும் கூடி நிற்கிறது. அந்தக் கூட்டம்தான் கழலை.

16 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இந்தத் தம்பி அம்மாவுக்கு உப்பைக் கூட்டிக் கொடுத்துவிடப்போகிறார் என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். அயோடின் உப்பு சாப்பிடுகிற வீட்டில் 54 வயதில் தைராய்டு தளர்ந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. உடம்பின் காவல்படையே சுரப்பியை எதிரி என்று நினைத்து அரித்துவிடுவது. 1912-ல் ஜப்பானில் ஹஷிமோட்டோ என்ற டாக்டர் எழுதி வைத்தார், அவர் பெயரிலேயே நோய். ஆன்டி டிபிஓ என்று ஒரு டெஸ்ட் இதற்குத்தான். எனக்கு அது ஆயிரத்துக்கு மேல். கொத்தனார் கை உடைந்து கிடக்கும்போது செங்கல் லாரியை வரவழைத்து என்ன பயன்? அளவுக்கு மீறின அயோடின் இந்த அரிப்பைக் கிளறிக்கூட விடலாம்.

21 ஜனவரி

"வாழ்நாள் முழுக்க மாத்திரையா?" என்ற கேள்வி. பெரும்பாலும் ஆமாம். பிரசவத்துக்குப் பின் கொஞ்ச மாதம் தளர்ந்து மீள்கிற சிலர் உண்டு. அம்மா வயதில் அந்த நம்பிக்கையை நான் தரமாட்டேன்.

வாழ்நாள் முழுக்க என்றதும் முகம் சுருங்குகிறவர்களுக்கு நான் சொல்கிற கதை. இங்கிலாந்தில் நியூகாசலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர். 1891-ல் அவரிடம் 46 வயதுப் பெண். முகம் ஊதி, தோல் தடித்து, பேச்சு குழறி, எந்நேரமும் குளிர். அதுவரை அதற்கு வைத்தியம் என்று எதுவும் கிடையாது. மர்ரே ஆட்டின் தைராய்டை வாங்கி, கிளிசரினில் ஊறவைத்துப் பிழிந்து, ஊசியில் ஏற்றினார். அந்தம்மா எழுந்து நடமாடினார். அதற்கு மேல் 28 வருஷம் வாழ்ந்து 1919-ல், 74 வயதில்தான் போனார். 870-க்கும் அதிகமான ஆடுகளின் சுரப்பி அவருக்குச் செலவாகியிருந்தது.

நம் வீட்டில் எழுபது கிடா வெட்டினாலே ஊர் பேசும். இவர்கள் கடுகளவு மாத்திரைக்குச் சலித்துக்கொள்கிறார்கள்.

28 ஜனவரி

இது கொஞ்சம் வெட்கக்கேடான பதிவு. தலைமுடி மாத்திரை சாப்பிடலாமா என்று மேலே ஒரு பெண் கேட்டதால் எழுதுகிறேன்.

தைராய்டு தளர்ந்தால் முடி கொட்டும். எனக்கும் கொட்டியது. மருந்துக்கடையில் கேட்டு பயோட்டின் வாங்கிப் போட்டேன், தினம் 10 மைக்ரோகிராம். மூணு மாதம் கழித்து வழக்கமான டெஸ்ட். என் ரத்தம், என் கையாலேயே மெஷினில் வைத்தேன். டிஎஸ்ஹெச் 0.03. ஃப்ரீ டி4 எக்கச்சக்கம்.

எனக்கோ குளிர்கிறது, உடம்பு கனக்கிறது, எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. ரிப்போர்ட் நேர் எதிராகச் சொல்கிறது. கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரியை, ஓட்டினேன், சரியாக வந்தது. கிட் பெட்டியைத் திருப்பித் தேதி பார்த்தேன், சரி. இன்னொரு ட்யூப் எடுத்து ஓட்டினேன், அதே 0.03. டாக்டர் ரிப்போர்ட்டை நம்பி டோஸை 50-க்கு இறக்கினார். அவர்மேல் குற்றமில்லை. நான் முடி மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொல்லவே இல்லை, அதையெல்லாம் மருந்தென்று யார் நினைக்கிறார்கள்? இரண்டு மாதம் எருமை மாதிரி கிடந்தேன்.

அப்புறம் மெஷின் சர்வீசுக்கு வந்த பையன் போகிற போக்கில் கேட்டான், "பயோட்டின் எதாவது சாப்பிடறீங்களா மேடம்?" என்று. எங்கள் மெஷின் மாதிரியானவை ரத்தத்திலிருந்து டிஎஸ்ஹெச்சைப் பிடித்து நிறுத்துவதே பயோட்டின் கொக்கியை வைத்துத்தான். கொக்கி போய் மாட்ட வேண்டிய வளையங்களையெல்லாம் என் ரத்தத்தில் மிதக்கிற மாத்திரை பயோட்டின் பிடித்துக்கொண்டது. மாட்ட இடமில்லாமல் டிஎஸ்ஹெச் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, மெஷின் "ஒன்றுமே இல்லை" என்கிறது. டி4 டெஸ்ட் தலைகீழ் முறையில் இயங்குவது, அங்கே அதே காரணத்தால் எண் பொய்யாக ஏறும். இரண்டும் சேர்ந்து பார்க்கிறவருக்கு அச்சு அசலாகத் தைராய்டு மிகுந்து சுரக்கிற நோய் மாதிரி தெரியும். எல்லா மெஷினும் இந்த முறை இல்லை, எங்களுடையது இந்த முறை.

மூணு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். 14.6. பழைய டோஸுக்குத் திரும்பினேன். முடி? அது தன் இஷ்டத்துக்குத்தான் நின்றது.

29 ஜனவரி

திருத்தம். நேற்று 10 மைக்ரோகிராம் என்று எழுதிவிட்டேன். 10 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு தப்பு, சுட்டிக்காட்டிய பார்மசிஸ்ட் தம்பிக்கு நன்றி. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டிய பயோட்டினே 30 மைக்ரோகிராம் அளவுதான். 10 மைக்ரோகிராமுக்கு எந்த மெஷினும் ஏமாறாது. சத்து மாத்திரைகளில் இருக்கிற துளிக்குப் பயப்பட வேண்டாம். முடி, நகம் என்று படம் போட்ட பாட்டில்தான் விஷயம். ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, எடுக்கிறவரிடமும் சொல்லிவிடுங்கள்.

4 பிப்ரவரி

மேஸ்திரி கதையை எழுதிய நாளிலிருந்தே ஒரு உறுத்தல். இன்று ஒருவர் அதையே கேட்டுவிட்டார்: "மேஸ்திரிக்கே உடம்பு சரியில்லை என்றால்?"

அப்போது என் கதை கவிழ்ந்துவிடும். கவிழ்ந்ததை ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், வேறு ஒரு லேபில் இருந்தபோது. முப்பதுகளில் ஒரு பெண், கூட அவர் மாமியார். தோல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் எடுக்கக் கையைத் திருப்பினால் கையில் பூனை முடிகூட இல்லை. நரம்பு கிடைக்காமல் மூணு இடத்தில் குத்தினேன், "பரவால்லக்கா" என்று சொல்லக்கூட அவருக்குச் சத்தம் வரவில்லை. சீட்டில் டிஎஸ்ஹெச் மட்டும்தான் எழுதியிருந்தது. 2.1 வந்தது. "தைராய்டு நார்மல்மா, ஒண்ணும் இல்ல" என்று நானே வாயால் சொல்லி அனுப்பினேன். லேப் ஆள் அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னேன்.

ஒரு வருஷம் கழித்து அதே பெண், வேறு ஒரு டாக்டரின் சீட்டோடு. இந்தத் தடவை ஃப்ரீ டி4, அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிற கார்டிசால், பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்று நீளமாக. டிஎஸ்ஹெச் மறுபடி 2-க்குப் பக்கம். ஃப்ரீ டி4 தரையில். கார்டிசால் அதைவிடக் கீழே. அந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி தைராய்டைப் பற்றியே இல்லையாம். "கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போச்சா? பிள்ளைக்குப் பால் சுரந்ததா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் பிரசவம், நாலு சேலை நனைந்தது, மயங்கிக் கிடந்தார். பால் ஒரு சொட்டு வரவில்லை. அதன் பிறகு தூரமும் ஆகவில்லை. "பால் வராதது எங்க வீட்டு ராசின்னு நெனச்சோம்" என்று மாமியார் என்னிடமே சொன்னார்.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருக்கும், பாலுக்கான ஏற்பாடு. பெருத்த சுரப்பிக்கு வந்து சேர்கிற ரத்தமோ அழுத்தம் குறைந்த ஓட்டம். பிரசவத்தில் ரத்தம் கொட்டி பிரஷர் விழுந்தால் முதலில் பட்டினி கிடந்து சாவது அதுதான். ஷீஹான் என்பவர் 1937-ல் இதை எழுதினார். மேஸ்திரி செத்தால் அவர் அதட்டிக்கொண்டிருந்த எல்லா வேலையும் நிற்கும். பால் இல்லை, தூரம் இல்லை, அட்ரினல் படுத்துவிடும், தைராய்டு படுத்துவிடும். ஆனால் டிஎஸ்ஹெச் பூஜ்யமாக ஆகவேண்டும் என்பதில்லை. உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்ச செல்கள், வீரியம் இல்லாத டிஎஸ்ஹெச்சை முனகிக்கொண்டிருக்கும். மெஷினுக்கு முனகலும் பேச்சும் ஒன்றுதான், 2.1 என்று அச்சடித்துவிடும். சுவர் இடிந்து கிடக்கும்போது மேஸ்திரி சாதாரணக் குரலில் பேசினால் அதுவே கோளாறு. எண் நார்மல் என்பதை வைத்து நான் வாய் திறந்திருக்கக் கூடாது.

அதற்கப்புறம் கவுண்டரில் நான் யாரிடமும் "நார்மல்" என்று சொல்வதில்லை. "டாக்டர்ட்ட காட்டுங்க" மட்டும்தான். திமிர் பிடித்தவள் என்று பெயர், இருக்கட்டும்.

5 பிப்ரவரி

"அவங்களுக்கும் அதே தைராய்டு மாத்திரைதானே?" என்று சுருக்கமாகக் கேட்டவருக்கு: அதேதான், ஆனால் இரண்டாவதாக. முதலில் கார்டிசால் குறைவை ஸ்டீராய்டால் நிரப்பிவிட்டுத்தான் தைராய்டு மாத்திரையைத் தொடுவார்கள். தைராய்டு ஹார்மோன் உடம்பின் வேகத்தைக் கூட்டும், இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். வரிசை மாறினால் ஆள் பிரஷர் விழுந்து ஐசியூவில்தான் கண் விழிப்பார். வாட்ஸ்அப்பில் ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்குச் சிபாரிசு செய்கிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

11 பிப்ரவரி

ஆபரேஷனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, கட்டி இருந்ததால் தைராய்டை முழுசாக எடுத்தார்கள். மூணாம் நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். நர்ஸ் பிரஷர் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், அத்தையின் கை தானாக மணிக்கட்டில் மடங்கியது, கட்டைவிரல் உள்ளே போனது, நாலு விரலும் ஒன்றாகக் குவிந்து நீண்டன. சோற்றை உருட்டிப் பிள்ளைக்கு ஊட்டப்போகிற கை மாதிரியே. அத்தை தன் கையை யாருடையதோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் கால்சியம் விழுந்திருந்தது. நரம்பு வழியாக கால்சியம் ஏற்றினார்கள், சரியானது.

தைராய்டின் முதுகில் அரிசி அளவில் நாலு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பாராதைராய்டு. பெயரில் உறவு, வேலையில் சம்பந்தமே இல்லை. கால்சியத்தைக் காப்பது அவை. தைராய்டை எடுக்கும்போது அவற்றுக்கு வருகிற ரத்தம் தடைபட்டால் இந்தக் கதிதான். இவற்றை முதலில் கவனித்தது மனிதரில்கூட இல்லை. லண்டன் மிருகக்காட்சி சாலையில் செத்துப்போன இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்த உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன் கண்ணில் பட்டது. மனிதனுக்கும் இருக்கிறது என்று 1880-ல் ஸ்வீடனில் சாண்ட்ஸ்ட்ராம் காட்டினார்.

அந்தக் காலத்து சர்ஜன்கள் இரண்டு பேரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வியன்னாவில் பில்ரோத், கை வேகம். அவர் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கை இழுத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் கோக்கர், நிதானம், சொட்டு ரத்தம் சிந்தாத கை. அவருடைய ஆட்களுக்குக் கை இழுக்கவில்லை, மாறாக மாதங்கள் போகப்போக ஊதி, மந்தமானார்கள். இரண்டு பேரையும் பார்த்த அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் காரணம் சொன்னார். வேகக்காரர் தைராய்டில் கொஞ்சத்தை விட்டுவிட்டு, பின்னாலிருந்த நாலு அரிசியைச் சிதைத்தார். நிதானக்காரர் அரிசியைக் காப்பாற்றிவிட்டு, தைராய்டைத் துளி மிச்சமில்லாமல் எடுத்தார். சுத்தமான வேலைக்காரர் என்பதாலேயே அவரிடம் அந்தக் கேடு முழுசாக வெளிப்பட்டது. 1883-ல் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்து, இது என் ஆபரேஷனால் வந்தது என்று கோக்கரே எழுதினார், முழுத் தைராய்டையும் எடுப்பதைக் கைவிட்டார். 1909-ல் நோபல் பரிசு. மர்ரேயின் ஆட்டுச் சாறு வந்தது இதற்கு எட்டு வருஷம் கழித்து என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

அத்தை இப்போது காலை ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை, பத்தரைக்குக் கால்சியம். கைக்கடிகாரம் கழற்றுவதில்லை.

12 பிப்ரவரி

தமிழில் பிட்யூட்டரிக்கு என்ன பெயர் என்று தமிழாசிரியர் ஒருவர். கபச் சுரப்பி. பிட்யூட்டா என்றால் லத்தீனில் சளி. மூளையில் ஊறுகிற சளி இதன் வழியாகத்தான் மூக்குக்கு இறங்குகிறது என்று பழங்கால ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். நம்பிக்கை செத்துப்போச்சு, பெயர் நிலைத்தது, அதை நாமும் மெனக்கெட்டு மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். தைராய்டு கேடயச் சுரப்பி, அது பரவாயில்லை, கிரேக்கக் கேடயம். நான் மேஸ்திரி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

3 மார்ச் (கேள்வி கேட்டவர்)

அக்கா, ஏழு வாரம் முடிஞ்சு ரத்தம் கொடுத்தோம். டிஎஸ்ஹெச் 3.4. காபியை ஆறரைக்குத் தள்ளியாச்சு, முதல் வாரம் வீட்டுல யுத்தம். மலச்சிக்கல் போச்சு, முகமும் வத்தியிருக்கு. டாக்டர் 50-லயே தொடரச் சொல்லிட்டார். நீங்க எழுதுனதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். இப்போ தெருவுல எல்லார்ட்டயும் "எனக்கு தைராய்டு இல்ல, இல்லாததாலதான் மாத்திரை"ன்னு சொல்லிட்டு இருக்காங்க. அவங்க எல்லாம் "அதான் இல்லையே, பின்ன எதுக்கு மாத்திரை"ங்கிறாங்க.

3 மார்ச்

அம்மா சொல்வதுதான் கிட்டத்தட்ட சரி. மாற்ற வேண்டாம்.

பாட்டிலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். சாமி மாடம், விளக்குக்கு ஒரு சாண் தள்ளி. மறக்காமல் இருக்கத்தான் அங்கே வைத்திருப்பார்கள், நானும் முதலில் அடுப்படியில் வைத்திருந்தேன். சூடும் ஈரமும் அந்த மாத்திரைக்கு ஆகாது. படுக்கைக்குப் பக்கத்தில் அலமாரிக்கு மாற்றி, கூடவே ஒரு செம்பு தண்ணீர் வையுங்கள். அடுத்த தடவை ரத்தம் கொடுக்கிற அன்று காலை மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஊசி குத்தியபின் போடச் சொல்லுங்கள்.